பிரின்டர் எத்தனை நாள் சும்மா கிடக்கும்?

இலங்கை மலையகத்துத் தலவாக்கலையில், பிரின்ட், போட்டோகொப்பி எடுத்துக் கொடுக்கும் கொமியூனிகேஷன் கடை ஒன்றைச் சின்னதாக வைத்திருந்த காலம். ஆடி மாதத்து மழை. மூன்று நாளாக வெயிலின் முகமே தெரியவில்லை. தவணைப் பரீட்சைக்கு முந்திய நாள் மாலை, டீச்சர் ஒருவர் தரம் 5 வினாத்தாளை பென் டிரைவில் கொண்டு வந்தார். நாற்பது பிரதி வேண்டும். லேசர் பிரின்டரில் போட்டேன். வெளியே வந்த தாளிலிருந்து ஆவி பறந்தது.

"என்னா தம்பி, மெஷின் பத்தி எரியுதா?"

எரியவில்லை. ஆனால் எழுத்து நடுவில் வெளிறிப்போய் வந்தது. தாள் அப்பளம் போலச் சுருண்டது. இரண்டு இரண்டாக இழுத்துச் சிக்கியது. டோனர் தூள் முடிந்துவிட்டதென்று புதுக் காட்ரிஜ் வாங்கிப் போட்டேன். அப்போதும் அதே கதைதான். கடைசியில் ஹட்டனிலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்தேன். அவர் மெஷினைத் திறக்கவே இல்லை. தட்டில் இருந்த கடதாசியை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். "மெஷினுக்கு ஒண்ணும் இல்ல. கடதாசிதான் நனஞ்சிருக்கு" என்றார். பிரிக்காத ரீம் ஒன்றைப் பிரித்துப் போட்டோம். கறுகறுவென்று வந்தது. வந்து போன செலவையும் வாங்கிக்கொண்டு போனார். அநியாயம் என்று சொல்ல முடியாது.

பிரின்டர் வாங்கப் போகிறவர்களிடம் கடைக்காரர்கள் வழக்கமாகக் கேட்பது, "மாசத்துக்கு எத்தனை பக்கம் அடிப்பீங்க?" என்பதுதான். கொழும்பில் அது போதும். மலையகத்தில் அதற்கு முன்னால் இரண்டு கேள்வி இருக்கிறது. இந்த மெஷின் எத்தனை நாள் சும்மா கிடக்கப் போகிறது? கடதாசியை எங்கே வைக்கப் போகிறீர்கள்? இரண்டுக்கும் பதில் தெரிந்தால் எந்த மெஷின் என்பது பாதி முடிவாகிவிடும்.

சீப்பும் ஈரமும்

சின்ன வயதில் சீப்பைத் தலையில் தேய்த்துக் கடதாசித் துண்டுகளை ஒட்ட வைத்து விளையாடியிருப்போம். மழை நாளில் அந்த விளையாட்டு சரிவராது. லேசர் பிரின்டர் செய்வதும் அதே விளையாட்டுத்தான். அமெரிக்காவில் செஸ்டர் கார்ல்சன் என்பவர் 1938 ஒக்டோபர் 22ஆம் திகதி இந்த முறையில் முதல் பிரதியை எடுத்தபோது, கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைத் துணியால் தேய்த்துத்தான் மின்னேற்றினார். போட்டோகொப்பி, லேசர் பிரின்டர் இரண்டும் அந்தத் தகட்டின் பேரப்பிள்ளைகள்.

இன்றைய மெஷினுக்குள் தகட்டுக்குப் பதிலாக ஒரு உருளை. டிரம் என்கிறோம். அதன் மேல் மின்னேற்றம் பரவியிருக்கும். லேசர் ஒளி பட்ட இடத்தில் அது மாறும். மாறிய இடத்தில் டோனர் தூள் ஒட்டும். தாள் டிரம்மைத் தொட்டுக்கொண்டு போகும்போது, தாளின் பின்பக்கம் கொடுக்கப்படும் எதிர் மின்னேற்றம் தூளைத் தாளுக்கு இழுக்கும். அப்புறம் 200 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடான உருளைகளுக்கு நடுவே தாள் புகுந்து வர, தூள் உருகித் தாளோடு சேர்ந்துவிடும்.

ஈரக் கடதாசி இந்தக் கணக்கைக் குழப்புவது இழுக்கும் இடத்தில். உலர்ந்த தாள் மின்னேற்றத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஈரமான தாள் வழியாக அது கசிந்து போய்விடும். தூள் அரைகுறையாக இறங்கும், எழுத்து வெளிறும். தாளில் இருக்கும் நீர் சூட்டு உருளையில் பட்டு ஆவியாகும். டீச்சர் பார்த்தது அந்த ஆவியை. ஒரு பக்கம் மட்டும் சட்டென்று உலர்ந்ததால் தாள் சுருண்டது.

பெரும்பாலான சிறு பிரின்டர்களின் கையேட்டில், யாரும் படிக்காத கடைசிப் பக்கங்களில், 10 பாகைக்கு மேல், ஈரப்பதன் 80 வீதத்துக்குள் என்று ஒரு வரி இருக்கும். கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் தை மாதத்து விடியற்காலையில் புல்லில் பனி உறையும் நாட்கள் உண்டு. ஹட்டன், மஸ்கெலியா, வட்டவளைப் பக்கம் வைகாசியிலிருந்து புரட்டாதி வரை தென்மேல் பருவக்காற்று. பதுளைச் சரிவுக்கு மார்கழி, தை மாதங்களில் வடகீழ் மழை. கையேடு எழுதியவர் நம் தோட்டத்து லய வீட்டு வாசலில் நின்று எழுதவில்லை.

பரிகாரம் செலவில்லாதது. ரீமைச் சுற்றியிருக்கும் உறையின் உட்புறம் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கும். அழகுக்குப் போட்டதல்ல, ஈரம் புகாமல் இருக்கப் போட்டது. நாமோ ரீம் வந்ததும் முழு உறையையும் கிழித்து, 500 தாளையும் தட்டில் அடுக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம். அப்படிச் செய்யாமல் உறையின் ஒரு முனையை மட்டும் வெட்டி, இன்றைக்கு வேண்டியதை உருவி எடுக்க வேண்டும். மிச்சத்தை மடித்து, இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் வைக்க வேண்டும். அரிசிக்கும் பருப்புக்கும் வாங்குவோமே, அந்த மாதிரிப் பெட்டியே போதும். சாயங்காலம் தட்டில் மிஞ்சிய தாளும் பெட்டிக்குள் போக வேண்டும். ரீமைச் சீமெந்துத் தரையில் வைக்கக் கூடாது, வெளிச் சுவரோடு ஒட்டியும் வைக்கக் கூடாது. மழைக்காலத்தில் அந்தச் சுவர் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கும். என் கடையில் நடந்தது அதுதான். இறாக்கை முழுக்க வெளிச் சுவரில் அடித்திருந்தேன்.

பெரிய போட்டோகொப்பி மெஷின்கள் பலவற்றில் தாள் தட்டுக்கு அடியில் ஈரம் போக்கும் ஹீட்டர் ஒன்றைப் பொருத்தலாம். சிலவற்றில் ஏற்கெனவே இருக்கும், அதற்கான சுவிட்ச்தான் போட்டிருக்காது. மெக்கானிக் வரும்போது கேட்டுப் பாருங்கள்.

கடதாசி வாங்கும்போது இன்னொரு வேலையும் செய்யலாம். ஏ4 தாள் 210க்கு 297 மில்லிமீற்றர். பதினாறு தாள் சேர்ந்தால் ஒரு சதுர மீற்றர். ஆகவே 80 கிராம் கடதாசியில் ஒரு தாள் 5 கிராம், 500 தாள் இரண்டரைக் கிலோ. 70 கிராம் கடதாசி என்றால் 2 கிலோ 200 கிராமுக்குக் கொஞ்சம் குறையும். உறையில் 80 என்று போட்டு 70ஐ விற்கிறார்களோ என்ற சந்தேகம் வந்தால், பக்கத்து மரக்கறிக் கடைத் தராசில் வைத்துப் பாருங்கள். நான் வைத்துப் பார்த்திருக்கிறேன். மரக்கறிக்கார முதலாளி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

தூளா, தண்ணியா?

இப்போது சும்மா கிடக்கும் கணக்குக்கு வருவோம். டோனர் என்பது தூள். ஏற்கெனவே உலர்ந்த சாமான், இனிமேல் உலர ஒன்றுமில்லை. இரண்டு மாதம் தொடாமல் விட்டாலும் லேசர் பிரின்டர் முதல் தாளிலேயே கறுப்பாக அடிக்கும், கடதாசி மட்டும் நன்றாக இருந்தால். இங்க் அப்படியல்ல. தலைமுடியை விட மெல்லிய துவாரங்கள் வழியாகச் சொட்டுச் சொட்டாகத் தள்ளப்படும் திரவம் அது. எப்சன் மெஷின்களில் மின்சாரம் பட்டு நெளியும் படிகம் இங்கைத் தள்ளும். கெனன், எச்.பி. மெஷின்களில் கணநேரச் சூட்டில் எழும் குமிழி தள்ளும். எப்படித் தள்ளினாலும், நாட்கணக்கில் தள்ளாமல் விட்டால் துவாரத்தின் வாயில் இங்க் காய்ந்து அடைத்துக்கொள்ளும்.

பிள்ளையின் ஒப்படைக்கு, வருடத்தில் நாலைந்து விண்ணப்பத்துக்கு என்று பிரின்டர் தேடுகிறவர்களுக்கு என் பதில் எப்போதும் கறுப்பு லேசர்தான். அவர்கள் கேட்பதோ எப்போதும் கலர். "கலர் இருந்தா நல்லதுதானே தம்பி?" நல்லதுதான், வாரத்துக்கு ஒரு முறையாவது நாலு கலரிலும் ஒரு பக்கம் அடிப்பீர்களானால். அடிக்காவிட்டால், அந்தத் துவாரங்கள் இருக்கும் ஹெட்டைச் சுத்தம் செய்யும் ஹெட் கிளீனிங் ஓட விடவேண்டி வரும். அது இங்கை உறிஞ்சி, மெஷினின் அடியில் இருக்கும் பஞ்சில் கொட்டும் வேலை. அந்தப் பஞ்சு நிறையும் கணக்கையும் மெஷின் எண்ணிக்கொண்டு வரும். ஒரு நாள் சிவப்பு லைட்டுகள் மினுக்கி வேலை நிறுத்தம் அறிவிக்கும். பஞ்சு மாற்றி, எண்ணியை ரீசெட் பண்ணி வாங்க ஹட்டனுக்கோ கண்டிக்கோ ஒரு நாள் போக வேண்டும். அடிக்காத பக்கத்துக்குக் கொடுக்கும் விலை அது.

கலர் வேண்டும் என்பதற்கு அடிக்கடி சொல்லும் ஒரு காரணத்தை இங்கேயே வெட்டிவிடுகிறேன். அடையாள அட்டைப் படத்தை வீட்டில் அடித்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு வேண்டாம். ஆட்பதிவுத் திணைக்களத்தில் பதிந்த ஸ்டூடியோவில்தான் அந்தப் படம் எடுக்க வேண்டும்.

இங்கில் இன்னொரு பிரிவும் இருக்கிறது. மழையில் நடக்கிற நமக்கு அது முக்கியம். சாய இங்க் தண்ணீரில் கரையும். நிறமி இங்க் தாளின் மேல் படிந்து நிற்கும், தண்ணீருக்கு அவ்வளவு அசையாது. எப்சன் எல்.3110, எல்.3250 போன்ற, போத்தலிலிருந்து இங்கை ஊற்றி நிரப்பும் டாங்க் மெஷின்களுக்குப் போடும் 003 இங்கில் கறுப்பும் சாயம்தான். கெனன் ஜி வரிசையில் ஜி.ஐ.790 இங்க் போடும் மெஷின்களில் கறுப்பு நிறமி, மற்ற மூன்றும் சாயம். வீட்டில் அடித்த விண்ணப்பத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தோட்டத்தின் மேல் டிவிஷனிலிருந்து ரோட்டுக்கு இறங்கி, பஸ் பிடித்துப் பிரதேச செயலகத்துக்குப் போகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். பாதி வழியில் தூறல். சாய இங்கில் அடித்த பெயர் நீலமும் மஞ்சளுமாகப் பரவி, பிறந்த திகதி கரைந்து போய், கவுண்டரில் "திரும்ப எழுதிட்டு வாங்க" என்று சொல்ல வைக்கும். லேசரில் அடித்த தாள் தெப்பமாக நனைந்தாலும் எழுத்து அப்படியே இருக்கும், பிளாஸ்டிக் உருகி ஒட்டியதுதானே. கடிதம், விண்ணப்பம், சத்தியக் கடதாசி என்று ஓடுகிறவர்களுக்கு இந்த ஒரு காரணமே போதும் என்பது என் கட்சி.

அதற்காக டாங்க் மெஷினைக் குறைத்துச் சொல்லவில்லை. தினமும் ஓடும் கடைக்கும் டியூசன் வகுப்புக்கும் அதை மிஞ்ச ஒன்றுமில்லை. எப்சன் இந்தப் போத்தல் முறையை 2010இல் முதலில் இந்தோனேசியாவில்தான் இறக்கியது. அங்கே வெளியே ஒரு டாங்க் தொங்கவிட்டுக் குழாய் வைத்து ஓட்டும் வேலையை ஊர் மெக்கானிக்குகள் ஏற்கெனவே பரப்பியிருந்தார்கள். நம் ஊரிலும் அந்தக் குழாய் வைத்த மெஷின்கள் ஓடின. மேசை முழுக்க நாலு கலர்க் கறை.

கணக்கு

விலையை இங்கே எழுதப் போவதில்லை. 2022இல் ரூபாய் விழுந்த வேகத்தைப் பார்த்த யாரும் பிரின்டர் விலையை எழுதி வைக்க மாட்டார்கள். வகுக்கும் முறையை மட்டும் சொல்கிறேன். ஒரு காட்ரிஜின் அல்லது போத்தலின் விலையை அது அடிக்கும் பக்க எண்ணிக்கையால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். பக்க எண்ணிக்கை கம்பனிகளே வெளியிடுவது. எச்.பி. 680 கறுப்புக் காட்ரிஜ் 480 பக்கம், கலர் 150 பக்கம். எச்.பி. 12ஏ லேசர் காட்ரிஜ் 2000 பக்கம். எப்சன் 003 கறுப்புப் போத்தல் 4500 பக்கம். கடையில் விலையைக் கேட்டுவிட்டு, அங்கேயே போனில் வகுத்துப் பாருங்கள். மலிவென்று நினைத்த பிரின்டர், வாங்கிய விலையை இரண்டாவது மூன்றாவது காட்ரிஜிலேயே திருப்பிக் கேட்பது தெரியும்.

அந்த எண்ணிக்கையை அப்படியே நம்பவும் வேண்டாம். லேசருக்கு அது தாளில் சுமார் 5 வீதம் மட்டும் மை படும் பக்கத்தை வைத்துச் சொல்வது. ஒரு சாதாரணக் கடிதம் அவ்வளவுதான் வரும். தரம் 1 பிள்ளைக்கு யானைப் படம் போட்ட பயிற்சித்தாள் அதைப் பல மடங்கு குடிக்கும். டாங்க் மெஷினோடு பெட்டியில் வரும் முதல் போத்தல் சொன்ன பக்கம் வராது. குழாய்களையும் ஹெட்டையும் நிரப்பவே ஒரு பங்கு போய்விடும். ஏமாற்றிவிட்டார்கள் என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள்.

பழைய மெஷின் ஒன்றுக்கு இந்த இடத்தில் மரியாதை செய்ய வேண்டும். கெனன் எல்.பி.பி. 2900. வைஃபை இல்லை, ஸ்கேனர் இல்லை, நிமிடத்துக்கு 12 பக்கம்தான். ஆனாலும் மலையகத்தில் எத்தனையோ கடைகளில் இன்னும் ஓடுகிறது. காரணம் மெஷினில் மட்டும் இல்லை. அதன் காட்ரிஜுக்குத் தூள் நிரப்பத் தெரிந்தவர் எந்த டவுனிலும் இருப்பார், உருளைக்கும் பிளேடுக்கும் ஸ்பெயார்ஸ் கிடைக்கும். வாங்கும் முன், உங்கள் டவுனில் அந்த மெக்கானிக்கிடம் போய் "எந்த மெஷினுக்கு உங்ககிட்ட சாமான் இருக்கு?" என்று கேட்பது, இணையத்தில் நூறு விமர்சனம் படிப்பதை விட மேல். புது மெஷின்கள் சிலவற்றில் காட்ரிஜில் சிப் இருக்கும். கம்பனியின் சிப் இல்லாததை மெஷின் ஏற்காது. சில மெஷின்கள் இணையம் வழியே வரும் புதுப்பிப்புக்குப் பிறகு ஏற்க மறுக்கும் என்று கம்பனியே எழுதி வைத்திருக்கும். பெட்டியின் பக்கவாட்டுச் சின்ன எழுத்தை வாசித்துவிட்டு வாங்குங்கள்.

தூள் நிரப்பும்போது சிந்தினால் சுடுதண்ணி வேண்டாம். உருகி ஒட்டிவிடும். பச்சைத் தண்ணியில் நனைத்த துணி போதும்.

கடையும் தொழிலும் வேறு வகை மெஷின்களைக் கேட்கும். தோட்ட ஆபீஸ் பக்கம் போனால் கறகறவென்று சம்பளச் சீட்டு அடிக்கும் டொட் மெட்ரிக்ஸைப் பழசு என்று சிரிக்க வேண்டாம். ஊசி தாளில் இடித்து எழுதுவதால் ஒரே அடியில் காபன் பிரதியும் விழும். எப்சன் எல்.கியூ. 310 மூலத்தோடு மூன்று பிரதி எடுக்கும். லேசரோ இங்க்ஜெட்டோ இதைச் செய்ய வழியே இல்லை. தமிழ் எழுத்து வேண்டுமானால் 24 ஊசி மெஷினாகப் பார்க்க வேண்டும். 9 ஊசியில் நம் சுழிகள் அடைத்துக்கொள்ளும். பில் போடும் சின்ன மெஷினில் இங்க் என்பதே இல்லை, சூடு பட்டால் கறுக்கும் தாள் அது. ஆகவே அந்தப் பில்லைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தால் நாளடைவில் வெளிறும். உத்தரவாதத்துக்கு அந்தப் பில்தான் ஆதாரம் என்றால், வாங்கிய அன்றே ஒரு போட்டோகொப்பி எடுத்து வையுங்கள்.

நூறு பிள்ளைக்கு ஒரே வினாத்தாள் அடிக்கும் டியூசன் ஆசிரியருக்கு பிரின்டரே வேண்டியதில்லை. நாம் இன்னும் ரோனியோ என்று சொல்லும் வேலையின் இன்றைய வடிவம் டிஜிட்டல் டூப்ளிகேட்டர். ஒரு பக்கத்துக்கு மாஸ்டர் என்னும் அச்சுத் தாள் ஒன்று வெட்டும், அதற்கு ஒரு செலவு. அதற்குப் பிறகு பிரதி கூடக் கூடத் தாள் ஒன்றின் செலவு இறங்கிக்கொண்டே போகும். சூடாக்கும் வேலை இல்லாததால் ஈரக் கடதாசியையும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். பத்துப் பிரதிக்கு அது நட்டம். ஐம்பது அறுபதைத் தாண்டினால் டவுனில் அந்த மெஷின் இருக்கும் கடையைத் தேடிப் போவதுதான் லாபம்.

கரண்ட், இடி, பல்லி

லேசரை யூபிஎஸ்ஸில் செருகாதீர்கள். கொம்பியூட்டருக்கு வாங்கும் 650 விஏ யூபிஎஸ் தாங்குவது சுமார் 360 வாட். சூட்டு உருளை எரியும் நொடியில் சின்ன லேசரும் அதைத் தாண்டி இழுக்கும். யூபிஎஸ் கத்தும், பிறகு எல்லாம் சேர்ந்து அணையும். டாங்க் இங்க்ஜெட்டுக்குப் பத்துப் பதினைந்து வாட் போதும், அதைச் செருகலாம். செருகலாம் என்பதல்ல, செருகத்தான் வேண்டும். இங்க்ஜெட்டை அதன் பட்டனால் அணைத்தால், ஹெட் ஓரமாகப் போய் ஒரு ரப்பர் மூடிக்குள் உட்காரும். நடுவில் கரண்ட் போனால் மூடாமல் வெளியே நிற்கும், காயும். 2022 பங்குனி மாதக் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் கிடந்த நாட்களில் அடைத்துப்போன ஹெட்டுகள் எத்தனையோ. அதற்குப் பிறகு நான் பழகிய வழக்கம் ஒன்று: கரண்ட் வந்ததும் முதலில் பிரின்டரைப் போட்டு, ஹெட் ஓரத்துக்குப் போகும் சத்தம் கேட்ட பிறகு பட்டனால் அணைப்பேன். சுவர் சுவிட்ச் அதற்குப் பிறகுதான்.

சித்திரையிலும் ஐப்பசி கார்த்திகையிலும் மத்தியானத்துக்குப் பிறகு இடி. அப்போது சுவிட்சை அணைப்பது போதாது, பிளக்கையே பிடுங்க வேண்டும். கொம்பியூட்டருக்குப் போகும் யூஎஸ்பி வயரையும். பழைய லயங்களில் எர்த் வயர் ஒழுங்காக இருக்கிறதா என்பது பெரிய கேள்வி. எலக்ட்ரீஷியனை ஒரு தடவை பார்க்கச் சொல்வது பிரின்டர் விலையில் சின்னப் பங்குதான். ஜப்பானிலிருந்து வரும் ரீகண்டிஷன் போட்டோகொப்பி வாங்குகிறவர்கள் பின்பக்கத் தகட்டைப் பாருங்கள். அங்கே மின்சாரம் 100 வோல்ட், நமக்கு 230. டிரான்ஸ்போமர் இல்லாமல் செருகினால் முதல் நாளே கடைசி நாள்.

மெஷினை வைக்கும் இடம்: ஜன்னலோரம் வேண்டாம், பனிமூட்டம் நேரே உள்ளே வரும். விறகடுப்புப் பக்கமும் வேண்டாம். குளிர்ந்த காலையில் ஸ்கேன் கண்ணாடியின் உள்ளே மூச்சு விட்டது போல மங்கியிருந்தால், போட்டோகொப்பி சாம்பல் நிறத்தில் வரும். மெஷினைப் போட்டுக் கால் மணி நேரம் சும்மா விட்டால் தெளியும். இரவில் துணி போட்டு மூடுங்கள், ஆனால் மெஷின் ஆறிய பிறகு. சூடான இடத்தைத் தேடி வருவது நாம் மட்டுமல்ல. ஒரு தடவை தாள் சிக்கியதென்று பின்கதவைத் திறந்தேன். ஒரு பல்லி. சூட்டு உருளையில் சிக்கி… விடுங்கள், சாப்பிடும் நேரத்தில் படிக்கிறவர்களும் இருப்பீர்கள்.

எழுத்து மாறிப்போகும் கதை

பிரின்டரில் பிழையே இல்லாமல் வரும் ஒரு கோளாறு, தமிழ்க் கோப்பு. பாமினியில் அடித்த கடிதத்தை அந்த எழுத்துரு இல்லாத கொம்பியூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத் தெரியும். பிரின்டர் அதை அப்படியே அடிக்கும். பாமினி உண்மையில் ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வேஷம் போட்ட எழுத்துரு, அதனால்தான் இந்தக் கூத்து. யூனிகோடில் அடித்தால் குப்பையாகாது. ஆனால் எழுத்துரு மாறி, வரி இறங்கி, ஒரு பக்க வினாத்தாள் ஒன்றேகால் பக்கமாகும். எதில் அடித்தாலும், வீட்டிலிருந்து கிளம்பும் முன் பி.டி.எப். ஆக்கிக் கொண்டுவந்தால் எழுத்துருவும் கூடவே வரும். கடைக்காரனாக இருந்தபோது இதற்காக நான் மன்றாடாத டீச்சர்மார் குறைவு.

கொம்பியூட்டரில் முதலில் பார்க்க வேண்டியது தாள் அளவு. பல தடவை அது அமெரிக்காவின் லெட்டர் அளவில் நிற்கும். நம் தட்டில் ஏ4. மெஷின் தாள் கேட்டு மினுக்கும், அல்லது ஓரத்தில் ஒரு வரியை விழுங்கும். பிரின்டர் அமைப்பிலும் வேர்டிலும் இரண்டு இடத்திலும் ஏ4 என்று மாற்ற வேண்டும். வைஃபை மெஷின் வாங்கினால், மலிவு மெஷின்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையில் மட்டும்தான் பேசும். ரவுட்டர் 5இல் மட்டும் இருந்தால் தேடிக்கொண்டே இருக்கும். வீட்டில் ஒரே கொம்பியூட்டர் என்றால் யூஎஸ்பி வயரைச் செருகிவிட்டு நிம்மதியாக இருங்கள்.

கடை நடத்துகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. வாட்ஸப்பில் ஆட்கள் அனுப்பும் அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் எல்லாம் உங்கள் கொம்பியூட்டரில் தங்கிவிடுகின்றன. கடை பூட்டும் முன் அழித்துவிடுங்கள். ஊர்ச் சனத்தின் சாமான் அது.

வீட்டுக்குக் கொண்டுவரும் நாள்

கொழும்பு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் விலை கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் பழுது பார்க்க மறுபடி அங்கேதான் கொண்டுபோக வேண்டுமா, கண்டியிலோ ஹட்டனிலோ கொடுக்கலாமா என்று பில் எழுதும் முன் கேளுங்கள். பெட்டியையும் உள்ளே வைக்கும் தெர்மோகோலையும் எறிய வேண்டாம். இங்க் நிரப்பிய டாங்க் மெஷினைப் பழுதுக்குக் கொண்டுபோகும்போது மட்டும் மிகக் கவனம். கினிகத்தேனை வளைவுகளில் பஸ் சாயும்போது அதுவும் சாயும், இங்க் கசியும். டாங்க் மூடிகளை இறுக்கி, பெட்டியை மட்டமாக மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். மேல் இறாக்கையில் வைத்தால் கீழே இருப்பவரின் சட்டைக்கு நீங்கள்தான் பொறுப்பு.

வந்ததும் அவசரப்படாமல் ஒட்டியிருக்கும் கலர் டேப் எல்லாவற்றையும் எடுங்கள். மூடிக்குள்ளும் ஒன்றிரண்டு இருக்கும். மேசை ஆடக் கூடாது. டாங்க் மெஷினில் போத்தலின் நிறத்தையும் டாங்கின் நிறத்தையும் இரண்டு தடவை பார்த்துவிட்டு ஊற்றுங்கள். மஞ்சளில் கறுப்பு விழுந்தால் திரும்ப எடுப்பது நடக்கிற காரியமில்லை. ஊற்றிய பிறகு இங்க் குழாய்களில் ஏறப் பத்து நிமிடத்துக்கு மேலாகலாம், அதற்குள் கரண்டை அணைக்கக் கூடாது. அன்று மின்வெட்டு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு தொடங்குங்கள்.

அதன் பிறகு, துவாரங்கள் அடைத்திருக்கின்றனவா என்று காட்டும் நொசில் செக் பக்கம் ஒன்று அடியுங்கள். நாலு கலரிலும் படிக்கட்டுப் போலக் கோடுகள் வரும். அந்தத் தாளில் திகதி எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, மெஷினின் அடியில் வைத்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்து எழுத்து மங்குகிறதே என்று சந்தேகம் வரும் நாளில் இன்னொன்று அடித்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கோடுகள் இரண்டிலும் ஒன்றுபோல இருந்தால் மெஷினைத் தொடாமல் தட்டில் இருக்கும் கடதாசியை எடுத்துக் கன்னத்தில் வையுங்கள்.